திருகோணமலையில் ஓவியம் வாங்கி வைத்தால் பணம் பெருகுமா?

2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஓர் இலட்சம் ரூபாயை ஓராண்டு நிலையான வைப்பில் இட்டவர்கள் பலருக்கு இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் வட்டி கிடைத்தது. அரசு குறுகிய காலக் கடனுக்காக விற்கும் திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டி நின்ற காலம் அது. அதே ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கமும் 70 சதவீதத்தைத் தொட்டது. பிறகு விலைவாசி அடங்கியது, வட்டியும் இறங்கியது. 2025 மே மாதத்தில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு வழிகாட்டும் தன் கொள்கை வட்டி வீதத்தை 7.75 சதவீதமாகக் குறைத்தது. வைப்பு வட்டியில் பிடித்துவைக்கும் வரி அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக உயர்ந்தது. முதிர்ந்த வைப்பைப் புதுப்பிக்க வங்கிக்குப் போனவர்கள் புதிய பற்றுச்சீட்டில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துத் திகைத்தார்கள்.

"பணத்தை வங்கியில் வைக்காதீர்கள், உள்ளூர் ஓவியங்களை வாங்கி வையுங்கள், பத்து ஆண்டில் பல மடங்காகும்" என்ற பேச்சு எடுபடுவது இப்படிப்பட்ட வேளையில்தான். ஓய்வூதியப் பணிக்கொடையை என்ன செய்வது என்று யோசிப்பவரும், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய பணத்தைக் காக்க நினைப்பவரும் இதைக் கேட்டுக் குழம்புகிறார்கள். ஓவியம் வாங்குவதை இந்தக் கட்டுரை முழு மனதுடன் வரவேற்கிறது. ஆனால் அது எந்த அளவுக்குச் சேமிப்பு, எந்த இடத்தில் சேமிப்பு அல்ல என்பதை வாங்குபவர் முதலில் அறிந்திருக்க வேண்டும். தெரியாமல் வாங்கி ஏமாந்த ஒருவர் அதன்பின் எந்த ஓவியரின் படைப்பையும் வாங்க மாட்டார். அதனால் இழப்பு அவருக்கு மட்டுமல்ல, ஓவியருக்கும்தான்.

மாற்று முதலீடு என்றால் என்ன?

வங்கி வைப்பு, அரச பிணைமுறி, கம்பனிப் பங்கு ஆகிய மூன்றும் வழமையான முதலீடுகள். இவற்றுக்கு வெளியே பணத்தைப் போட்டுவைக்கும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்று முதலீடு என்கிறார்கள். பழைய நாணயம், முத்திரை, அரிய நூல், ஓவியம், சிற்பம் எல்லாம் இதில் அடங்கும். பொருளியல் நூல்கள் தங்கத்தையும் காணியையும்கூட இந்தப் பட்டியலில் சேர்ப்பதுண்டு. நம் வீடுகளில் நிலைமை தலைகீழ்: இங்கு தங்கமும் காணியும்தான் முதல் சேமிப்பு, வங்கி அடுத்தது, பங்குச் சந்தையை எட்டிப் பார்த்தவர்கள் மிகச் சிலர். ஆகவே ஓவியம் நமக்கு மாற்றுக்கும் அப்பால் நிற்கும் ஒன்று.

மற்றச் சேமிப்புகளிலிருந்து ஓவியத்தைப் பிரிக்கும் இயல்புகள் மூன்று.

1. சுவரில் தொங்கும்போது அது வருமானம் தராது. வைப்புக்கு வட்டி உண்டு, வீட்டுக்கு வாடகை உண்டு, வயலுக்குக் குத்தகை உண்டு. ஓவியம் விற்கும் நாளில் மட்டுமே பணமாகும்.

2. ஒன்றைப்போல் இன்னொன்று இராது. ஒரு பவுண் தங்கத்தின் விலையை நகைக்கடையில் விசாரித்தால் உடனே சொல்லிவிடுவார்கள். ஒரே ஓவியர் ஒரே ஆண்டில் வரைந்த இரண்டு படங்களின் விலைகூட ஒன்றாக இருப்பதில்லை.

3. விற்கச் சுணங்கும். அவசரத்துக்கு நகையை அடகு வைத்து அன்றே பணம் எடுத்துவிடலாம். ஓவியத்தை அடகு பிடிக்கும் இடம் எதுவும் இங்கு இல்லை. மருத்துவச் செலவோ பிள்ளையின் பல்கலைக்கழகச் செலவோ வந்து நிற்கும்போது ஓவியம் கைகொடுக்காது.

இந்த மூன்றாவது இயல்பைத்தான் விற்பவர்கள் பேசாமல் தாண்டிப் போகிறார்கள்.

விலை எங்கிருந்து வருகிறது?

ஓவியத்துக்கு இரண்டு சந்தைகள் உண்டு. ஓவியரிடமிருந்தோ அவருக்காக விற்கும் காட்சிக்கூடத்திடமிருந்தோ முதல் தடவை வாங்குவது முதற் சந்தை. வாங்கியவர் இன்னொருவருக்கு விற்பது இரண்டாம் சந்தை. முதற் சந்தையின் விலை ஓவியர் கேட்கும் விலை. அதில் வண்ணச் செலவு, உழைப்பு, அனுபவம், அவரது நம்பிக்கை எல்லாம் கலந்திருக்கும். இரண்டாம் சந்தையின் விலையோ அந்தப் படத்தை அந்த நாளில் வேண்டும் என்று நினைக்கும் இன்னொருவர் தரத் துணியும் தொகை. முதலீடு என்ற சொல்லுக்குப் பொருள் இருப்பது இரண்டாம் சந்தையில் மட்டுமே. அது இல்லாத இடத்தில் ஓவியம் வாங்குவது செலவு. நல்ல செலவு, மதிக்கத்தக்க செலவு, என்றாலும் செலவுதான்.

இலங்கையில் இரண்டாம் சந்தை உருவான விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். 1943இல் கொழும்பில் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டை மையமாகக் கொண்டு நாற்பத்து மூன்று குழு என்ற ஓவியர் அமைப்பு தோன்றியது. ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ் முதலியோர் அதில் இருந்தனர். இன்று கீற்றின் படங்கள் உலகின் பெரிய ஏலக்கூடங்களில் விலைபோகின்றன. அந்த விலைக்கு அவரது கோடுகளின் வலிமை முதற் காரணம். ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்திருந்தால் அவர் காலத்தில் வரைந்த இன்னும் பல திறமைசாலிகளின் பெயர்களும் ஏலப் பட்டியலில் இருந்திருக்கும். வேறு சிலவும் நடந்தன:

1. குழுவாக இயங்கியதால் அவர்களைப் பற்றி எழுதினார்கள், விமர்சித்தார்கள். 1950களில் வெளிநாடுகளிலும் அவர்களது படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1956 வெனிஸ் கண்காட்சியில் தரணியகலவுக்கு யுனெஸ்கோ பரிசு கிடைத்தது.

2. படங்கள் சிதறாமல் காக்கப்பட்டன. ஹரி பீரிஸ் கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் தாம் வாழ்ந்த வீட்டையே சபுமல் நிறுவகமாக்கி, நண்பர்களின் படைப்புகளை அங்கே வைத்துவிட்டுப் போனார். ஒரு படம் உண்மையானதா என்ற சந்தேகம் எழுந்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஓரிடம் இருக்கிறது.

3. கீற்றின் பெயரில் அமைப்பு உருவானது. அந்த அமைப்பே 1993 முதல் கொழும்பில் கலா பொல என்னும் திறந்தவெளி ஓவியச் சந்தையை நடத்திவருகிறது. வாங்கும் பழக்கம் கொழும்பு நடுத்தர வர்க்கத்துக்குள் மெல்லப் பரவ அதுவும் ஒரு வழியாயிற்று.

இவையெல்லாம் சேர அரை நூற்றாண்டு பிடித்தது. வாங்குபவர் நினைவில் வைக்க வேண்டிய கால அளவும் அதுவே.

ஒரே ஓர் ஓவியத்தின் பெரிய வெற்றியைக் காட்டி ஆசை ஊட்டுவது விற்பனையில் வழக்கமான உத்தி. 2025 மார்ச்சில் நியூயோர்க் ஏலத்தில் இந்திய ஓவியர் எம்.எஃப். ஹுசைனின் 'கிராம யாத்திரை' 1 கோடியே 37 இலட்சம் டொலருக்கு மேல் போனதை இதற்காக எடுத்துக்காட்டுகிறார்கள். அந்தப் படத்தை 1954இல் டில்லியில் வாங்கியவர் ஒரு வெளிநாட்டு மருத்துவர். பத்து ஆண்டுகள் கழித்து அதை நோர்வேயிலுள்ள மருத்துவமனை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த பணம் அந்த மருத்துவமனையைச் சேர்ந்தது. வாங்கியவருக்கு அதில் ஒரு சதமும் இல்லை. அதே ஆண்டில் அதே நகரில் வாங்கப்பட்டு, இன்று எவரும் தேடாத ஓவியங்கள் எத்தனை என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. வென்ற படத்துக்கு மட்டுமே செய்தி உண்டு.

வங்கியோடு ஒரு கணக்கு

கணக்குக்காக வட்டி ஆண்டுக்கு 8 சதவீதம் என்றும், பத்து ஆண்டும் அது மாறாது என்றும் வைத்துக்கொள்வோம். 10 சதவீத வரி போனால் கையில் 7.2 சதவீதம்.

1. ஓவியத்தின் விலை 50,000 ரூபாய். சட்டகம், கண்ணாடி, ஏற்றியிறக்கும் கூலி எல்லாமாக 8,000 ரூபாய். ஆக முதல் 58,000 ரூபாய்.

2. அந்த 58,000 ரூபாயை வைப்பில் இட்டு வட்டியையும் சேர்த்துக்கொண்டே வந்தால் பத்து ஆண்டு முடிவில் சுமார் 1 இலட்சத்து 16 ஆயிரம் ரூபாயாகும்.

3. ஓவியத்தைத் தெரிந்த ஒருவருக்கு நேரடியாக விற்பதானால் அதே 1 இலட்சத்து 16 ஆயிரத்துக்கு விற்றால்தான் வங்கிக்குச் சமம். வாங்கிய விலையைப்போல் இது 2.3 மடங்கு.

4. காட்சிக்கூடத்தின் மூலம் விற்றால் தரகு உண்டு. ஓவியத் தொழிலில் 30 முதல் 50 சதவீதம் வரை தரகு எடுப்பது வழமை. 40 சதவீதம் என்று கொண்டால் படம் ஏறத்தாழ 1 இலட்சத்து 94 ஆயிரம் ரூபாய்க்கு விலைபோக வேண்டும். அதாவது 50,000 ரூபாய்ப் படம் பத்து ஆண்டில் கிட்டத்தட்ட நான்கு மடங்காக வேண்டும். ஆண்டுக்கு 14 சதவீதத்துக்கும் கூடிய வளர்ச்சி அது.

இவ்வளவும் செய்து எட்டுவது இலாபத்தை அல்ல, வங்கி தந்திருக்கக்கூடிய அதே தொகையை. பத்து ஆண்டில் அந்த ஓவியர் நாடறிந்தவராக வேண்டும், படம் பழுதுபடாமல் இருக்க வேண்டும், வாங்க ஆள் வர வேண்டும். மூன்றும் ஒன்றாகக் கூடினால்தான் இந்தக் கணக்கு நேராகும். வங்கி வைப்புக்கு ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை காப்புறுதித் திட்டமும் இருக்கிறது. ஓவியத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

பெரிய பணமும் நிபுணர்களும் இருந்தால் நிலைமை மாறுமா? பிரித்தானிய ரயில்வே ஊழியரின் ஓய்வூதிய நிதியம் 1974 முதல் சுமார் 4 கோடி பவுண் செலவிட்டு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கலைப்பொருட்களை வாங்கியது. பிறகு பல ஆண்டுகள் எடுத்து விற்று முடித்தது. பணவீக்கத்தைக் கழித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 சதவீத வருமானம் வந்தது, அதிலும் பெரும்பங்கு மிகச் சில படங்களிலிருந்து. பொருளியலாளர் வில்லியம் போமல் 1986இல் வெளியிட்ட ஆய்வு முந்நூறு ஆண்டுக்கால விற்பனைகளைப் பார்த்து, பணவீக்கம் போக உண்மையான வருமானம் ஆண்டுக்கு அரை சதவீதத்தை ஒட்டியதே என்றது. பின்னர் வந்த ஆய்வுகள் இதைவிடக் கூடிய எண்களைக் காட்டின. ஆனால் எல்லா ஆய்வுகளுக்கும் ஒரு பொதுக் குறை உண்டு: மறுபடி ஏலத்துக்கு வந்த படங்களை மட்டுமே அவற்றால் எண்ண முடியும். வாங்க ஆளின்றி வீட்டிலேயே தங்கிவிட்டவை கணக்கில் ஏறுவதே இல்லை.

திருகோணமலையின் நிலை

இனி நம் ஊர். இங்கு வரைபவர்கள் இருக்கிறார்கள். பாடசாலைகளில் சித்திரம் ஒரு பாடம், உயர்தரத்திலும் அதை எடுக்கும் மாணவர் உண்டு. அவர்களில் சிலர் மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கும், யாழ்ப்பாணத்துக்கும், கொழும்புக்கும் போய்ப் படித்துத் திரும்புகிறார்கள். திரும்பி வந்தவர்களில் பலர் சித்திர ஆசிரியர்களாகிறார்கள். வரைவது மாலையிலும் விடுமுறையிலும். ஆகவே ஆண்டுக்குச் சில படங்களே ஒருவரிடமிருந்து வரும். வாங்குபவருக்கு இது ஒரு வகையில் நல்லது: அளவுக்கு மீறி வரைந்து சந்தையைத் தாமே நிரப்பிவிடும் அபாயம் குறைவு. ஆனால் தொடர்ந்து வரைந்து, காட்சிக்கு வைத்து, பெயர் நிலைநாட்டுவதற்கு அந்த மாலைகள் போதா.

வாங்குபவர்கள் யார் என்று பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும்.

முதலில் வருபவர்கள் சுற்றுலாப் பயணிகள். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் பருவம் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. அவர்கள் தேடுவது பயணப்பையில் அடங்கும் நினைவுப்பொருள். கோணேசர் கோவில், கடற்கரைத் தோணி, மான், யானை ஆகியவை சிறிய கன்வஸில் நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப வரையப்படுவது அவர்களுக்காகத்தான். அதை விற்பவரின் பிழைப்பு நேர்மையானது. ஆனால் அதைச் சேமிப்பாக நினைத்து வாங்குவது தவறு. ஒரே படம் ஆயிரம் பிரதியாகும்போது எந்த ஒன்றுக்கும் விலை ஏறாது.

அடுத்தவை விடுதிகள். அவை சுவரின் நீள அகலம் பார்த்தும் மெத்தைவிரிப்பின் நிறம் பார்த்தும் வாங்குகின்றன. ஓவியருக்கு அதனால் கையில் காசு வருகிறது. ஆனால் விடுதி புதுப்பிக்கப்படும் நாளில் அந்தப் படம் களஞ்சிய அறைக்குப் போய்விடும், அதைப் பற்றி யாரும் எழுதி வைப்பதுமில்லை.

மூன்றாமவர் ஆடி, ஆவணி விடுமுறைக்குக் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் நம்மவர்கள். இவர்களைத்தான் நான் நம்புகிறேன். பிறந்த ஊரின் உட்துறைமுகத்தை, உவர்மலைச் சரிவை, தம்பலகாமத்து வயலை அறிந்த கையால் வரைந்த படம் அவர்களுக்கு நினைவுப்பொருளைவிடப் பெரியது. நாளை இங்கு இரண்டாம் சந்தை என்று ஒன்று உருவானால் அது இவர்களிடையேதான் உருவாகும். இப்போதைக்கு அவர்கள் வாங்கும் படங்கள் ரொறன்ரோவின் வரவேற்பறைக்குப் போய்ச் சேர்கின்றன, எவை எங்கே இருக்கின்றன என்ற பதிவு எவரிடமும் இல்லை.

இந்தப் பதிவின்மைக்கு ஒரு துயரமான வரலாறு உண்டு. ஒரு படம் யார் கையில் தொடங்கி யார் யாரிடம் இருந்து இன்று யாரிடம் வந்திருக்கிறது என்ற தொடர்ச்சியைக் கைமாறிய வரலாறு என்கிறோம். அந்தத் தொடர் அறுந்தால் விலையும் அறும், ஏனெனில் அது உண்மையான படம்தான் என்று காட்ட வேறு வழி இல்லை. இந்த மாவட்டத்தில் 1980களிலிருந்து குடும்பங்கள் எத்தனை முறை இடம்பெயர்ந்தன! 1985, 1990, 2006 என்று ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொண்டு ஓடியது பிள்ளைகளையும் அடையாள அட்டையையும்தான். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து எஞ்சியதையும் கொண்டுபோனது. படங்கள் மட்டுமா போயின? அவை இருந்ததற்கான புகைப்படங்கள், கண்காட்சி அழைப்பிதழ்கள், பத்திரிகைத் துணுக்குகள் எல்லாம் போயின. நாற்பத்து மூன்று குழுவுக்கு வாய்த்த அமைதியான அரை நூற்றாண்டு நமக்கு வாய்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறை மாணவர்களை உருவாக்கிய ஓவியர் மாற்குவையும் போர் இடம்பெயர வைத்தது. திறமைக்கும் சந்தை விலைக்கும் இடையில் இவ்வளவு பெரிய பள்ளம் விழுந்ததற்கு நம் ஓவியர்களைக் குறை சொல்லவே முடியாது.

ஏலக்கூடம் இங்கு இல்லை. படத்தை விற்பதானால் சுமார் 260 கிலோமீற்றர் தூரம் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும். கொழும்புக் காட்சிக்கூடங்கள் தாம் முன்னிறுத்தும் ஓவியர்களின் படங்களையே முதலில் பார்க்கும். ஆகவே திருகோணமலை ஓவியர் ஒருவரின் படம் வாங்குபவர் கேட்க வேண்டிய முதற் கேள்வி அழகைப் பற்றியது; இரண்டாவது, இவர் ஊருக்கு வெளியே எங்காவது காட்சிக்கு வைத்திருக்கிறாரா, இனி வைக்கப்போகிறாரா என்பது.

கடற்காற்றும் மழையும்

விலையைப் பற்றிப் பேசுபவர்கள் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதில்லை. திருகோணமலையில் படத்தின் மதிப்பைத் தின்பவை நான்கு: ஈரம், உப்பு, வெயில், பூச்சி.

அருங்காட்சியகங்கள் காற்றின் ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்க முயல்கின்றன. நம் ஊரில் வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களில் அது 80 சதவீதத்துக்கும் போகும். 70 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். தாளில் வரைந்த நீர்வர்ணப் படத்தில் அது பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். ஒருமுறை வந்தால் வீட்டில் வைத்துப் போக்க முடியாது. பிறகு கச்சான் காற்று வீசும் மாதங்களில் எல்லாம் வறண்டு போகிறது. ஈரத்தில் தளர்ந்த கன்வஸ் வெப்பத்தில் இறுகுகிறது. ஆண்டுதோறும் இப்படித் தளர்ந்து இறுகினால் எண்ணெய் வண்ணத்தில் மயிரிழை வெடிப்புகள் விழும். அக்ரிலிக் வண்ணம் இந்த இழுபறியைக் கூடுதலாகத் தாங்கும்.

உப்பு, ஆணிகளையும் கம்பியையும் துருப்பிடிக்க வைக்கும். துரு கன்வஸில் ஊறும். சட்டகம் அடிப்பவரிடம் துருப்பிடிக்காத ஆணியும் செம்புக் கம்பியும் கேட்டு வாங்குவது சிறிய செலவு. கடலைப் பார்த்த சுவரில் படத்தை மாட்டக் கூடாது. மழைக்கு ஊறும் வெளிச்சுவரிலும் கூடாது. வீட்டின் உட்சுவரில், சட்டகத்தின் பின்மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்றோட்டம் விட்டு மாட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். கண்ணாடி போட்ட படமானால் கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் அட்டை வேண்டும். பொலித்தீனால் இறுக்கிச் சுற்றி அலுமாரியில் வைப்பது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் படத்தையே உண்ணும். பருத்தித் துணியால் மூடுவதே சரி.

சட்டகத்தின் மரத்தைக் கறையான் நாடும், தாளை இராமபாணப் பூச்சி அரிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை படத்தைக் கழற்றிப் பின்புறத்தைப் பார்த்தால் போதும். வெள்ளம் வரும் பகுதிகளில் படத்தை இடுப்புக்கு மேல் மாட்டுவது கட்டாயம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழைக்குப் பிறகு இதை யாருக்கும் வற்புறுத்திச் சொல்லத் தேவையில்லை.

சட்டம் சொல்வது

படத்தை வாங்கியவருக்குப் படம் சொந்தம். அதைப் பிரதி எடுக்கும் உரிமை சொந்தமல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். அவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை அவரது வாரிசுகளுக்கும் தொடரும். வாங்கிய படத்தை நாட்காட்டியிலோ வாழ்த்து அட்டையிலோ அச்சிட்டுச் சம்பாதிக்க நினைப்பவர் ஓவியரிடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும்.

பழைய பொருட்கள் முற்றிலும் வேறு. 1950இல் நகரில் கிணறு வெட்டும்போது சோழர் காலச் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்ட ஊர் இது. மண்ணுக்குள் இன்னும் என்ன இருக்கிறதோ என்ற ஆர்வத்தைக் காசாக்க முயலும் இடைத்தரகர்கள் உண்டு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், அனுமதியின்றித் தோண்டுவதையும் தொல்பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோவதையும் குற்றமாக்கியிருக்கிறது. பழைய சிலை, செப்புத் தகடு, ஏடு என்று யாராவது கொண்டுவந்தால் முதலீடு என்ற பேச்சே அங்கு இல்லை. உயிரோடிருக்கும் ஓவியரிடம் அவர் கையால் வாங்குவதே சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் பொருந்தும் வழி.

மூன்றாவது விடயம் மிக முக்கியம். "நீங்கள் படம் வாங்க வேண்டாம், பணத்தை மட்டும் தாருங்கள், நாங்கள் ஓவியங்களில் போட்டு மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று எவராவது சொன்னால் அது ஓவியம் விற்பதல்ல, வைப்புத் திரட்டுவது. 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின்படி மத்திய வங்கியின் அனுமதி இல்லாமல் பொதுமக்களிடம் வைப்பு வாங்குவது குற்றம். ஓவியத்தால் மாத வருமானம் தர இயலாது என்பதை முதலிலேயே பார்த்தோம். தருவதாகச் சொல்பவர் அடுத்து வருபவரின் பணத்தை எடுத்துத்தான் தர முடியும்.

வாங்குவதானால்

1. கையிலுள்ள சேமிப்பில் பத்து ஆண்டுக்குத் தொடத் தேவையில்லாத பகுதியை மட்டும் எடுங்கள். பணிக்கொடை முழுவதையும் இதில் போடுவது எந்த நிலையிலும் தவறு. வீட்டுச் செலவுக்கு வங்கி, அவசரத்துக்கு நகை, அதற்குப் பிறகே ஓவியம்.

2. ஒருவரின் வேலையைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பாருங்கள். பாடசாலைக் கண்காட்சி, கலாசார விழா எங்கே நடந்தாலும் போய்ப் பாருங்கள். நியூயோர்க்கில் ஹேர்பர்ட் வோகல் என்ற தபால் ஊழியரும் நூலகரான அவரது மனைவி டொரத்தியும் ஒருவரின் சம்பளத்தில் வாழ்ந்து, மற்றவரின் சம்பளத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளைச் சேர்த்தார்கள். ஓவியர்களின் அறைகளுக்கே போய்ப் பழகி, அவர்கள் பெயர் பெறுமுன்பே வாங்கினார்கள். பெரும் மதிப்பை எட்டிய அந்தத் தொகுப்பை விற்றுப் பணமாக்காமல் அமெரிக்கத் தேசிய ஓவியக்கூடத்துக்குக் கொடுத்தார்கள்.

3. அச்சுப் பிரதியையும் கையால் வரைந்ததையும் பிரித்தறியுங்கள். கன்வஸில் அச்சிட்டு மேலே இரண்டு தூரிகைக் கோடு இழுத்து அசல் என்று விற்பது பெருகிவருகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் அச்சின் நுண்புள்ளிகள் தெரியும். எண்ணிக்கை குறிப்பிட்டு ஓவியரே கையெழுத்திட்ட அச்சுக்கு மதிப்பு உண்டு. எண்ணிக்கை இல்லாத அச்சு சுவரொட்டிக்குச் சமம்.

4. ஓவியரிடம் விலை பேசிக் குறைப்பதில் பெருமை வேண்டாம். அவர் தொடர்ந்து வரைந்தால்தான் உங்கள் படத்துக்கு எதிர்காலம். இன்று இரண்டாயிரம் ரூபாயை மிச்சம் பிடித்து அவரைத் தூரிகையைக் கீழே வைக்கச் செய்தால் சுவரில் இருப்பதன் மதிப்பும் அதோடு நின்றுவிடும்.

5. பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஓவியரின் முழுப்பெயர், படத்தின் பெயர், வரைந்த ஆண்டு, நீள அகலம் சென்ரிமீற்றரில், எந்த வண்ணம், எதன்மேல் வரைந்தது, விலை, திகதி, கையெழுத்து இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். இதைக் கேட்டால் ஓவியர் மனம் நோவார் என்று தயங்குபவர் உண்டு. உண்மையில் தன் வேலையை ஒருவர் இவ்வளவு கருத்தோடு எடுக்கிறார் என்று அறிந்து மகிழாத ஓவியர் இல்லை.

6. படத்தின் பின்புறத்தையும் பாருங்கள். முன்புறக் கையெழுத்தை எவரும் பார்த்து எழுதிவிடலாம். பின்புறத்தில் சட்டக மரத்தின்மேல் ஓவியர் தம் கையால் பெயர், ஊர், ஆண்டு எழுதினால் அது படத்தோடேயே போகும். கன்வஸின் பின்பக்கத்தில் பேனையால் எழுத வேண்டாம்; மை முன்புறம் ஊறும். கண்காட்சிக்குப் போய்வந்த படமானால் அந்தக் காட்சியின் பெயரும் திகதியும் எழுதிய துண்டைச் சட்டகத்தின் பின்னே ஒட்டுங்கள்.

7. படத்தின் முன்புறம், பின்புறம், கையெழுத்து, பற்றுச்சீட்டு ஆகிய நான்கையும் படம் எடுத்து, ஓவியருடன் நின்று எடுத்த ஒரு புகைப்படத்தையும் சேர்த்து, ஒரு பிரதியை ஓவியரிடம் கொடுங்கள். இன்னொன்றை வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கும் பிள்ளைக்கோ சகோதரருக்கோ அனுப்பிவையுங்கள். படமும் அதன் பத்திரமும் ஒரே வீட்டில் இருந்ததால்தான் 2004இல் இரண்டும் ஒரே அலையில் போயின.